இறக்கத்தில் இரண்டாவது கியர்

நவீன்குமாரும் அவன் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அப்பா, பழத்தோட்டம் என்கிற பக்கத்து ஊரில் ஜீப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். ஷைஜு அண்ணனின் ஜீப் வாசலில் வந்து நின்றபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்சீட்டிலிருந்து வயதான ஓர் அம்மாள் இறங்கினார். பின்னாலிருந்து இறங்கியவனை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தீபாவளி விடுமுறையில் எங்கள் அம்மா சாலையில் கிடந்தபோது, அம்மாவின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் அவன்தான். யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்பதுபோல அதைப் பிடித்திருந்தான். யாரும் கேட்கவில்லை.

ஷைஜு அண்ணன் மூணாறு ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவர், மலையாளி. அப்பாவுக்குக் கூட்டாளி. எங்கள் ஆட்களோடு பேசிப் பேசி அவருக்குப் பாதித் தமிழ் வந்துவிட்டது. என்னைத் துணிக்கொடிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இந்து, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கேட்டோ. ஸ்டாண்டுல வந்து பெரியமுத்து வீடு எதுன்னு ஓரோருத்தர்கிட்டயா கேட்டுட்டு நிக்கிறாங்க. இந்தப் பையன் யாருன்னு தெரிஞ்சா எவனாவது கை வெச்சிருவான். அதான் நானே ஏத்திட்டு வந்தேன்."

"அப்பா இல்லண்ணே."

"அறியாம். இல்லைன்னு தெரியும். அண்ணன் வர்றதுக்குள்ள ஒரு சாயா குடுத்து அனுப்பிரு."

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. கதவைத் திறந்து விட்டேன். அந்த அம்மாள் உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் பாயில் உட்கார்ந்தார். அவன் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டான். சுவரில் அம்மாவின் படம் இருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது.

"நாங்க கொழிஞ்சாம்பாறைங்க அம்மிணி. என்ற பேரு மயிலாத்தாள். இவன் என்ற பையன். உங்களுக்குத்தான் தெரியுமே."

நான் தலையாட்டினேன்.

"கடலக்கா கொண்டாந்தனுங்க. நம்ம காட்டுல வெளஞ்சது. இப்படிப்பட்ட ஊட்டுக்குக் கடலக்காயத் தூக்கிட்டு வரலாமா என்னமோ தெரியல. வெறுங்கையோட வாறதுக்கு மனசு கேக்குல." பையை என் பக்கம் தள்ளினார். பிறகு தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டார்.

சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன். பின்னால் ஷைஜு அண்ணன் வந்து அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றார்.

"இவன் இப்ப காரத் தொடறதில்ல," என்றார் மயிலாத்தாள். "மொபட்டக்கூடத் தொடறதில்ல. நெல்லு அரைக்கப் போறதுன்னாலும் நடந்துதான் போறான். சோறு வெச்சா ரெண்டு வாய். அப்பறம் கையக் கழுவிருவான். கண்ண மூடுனா, லைட்டு எரியலீம்மா, லைட்டு எரியலீம்மாங்கறான்."

"அம்மா," என்றான் அவன் வெளியிலிருந்து.

"நீ சும்மா இரு கண்ணு. வக்கீலு சொல்றாரு, லைட்டு எரியலைன்னு நீ சொல்லாதே, வண்டியச் சோதிச்சவங்க லைட்டு நல்லா இருக்குதுன்னு எழுதிட்டாங்க, பொய்யச் சொன்னா கேசு முத்திப்போகும்னு. கண்ணு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனோமுங்க. கண்ணுல ஒண்ணுமில்லைன்னுட்டாரு. ஊருல இவனச் சொல்றாங்க, குடிச்சிருப்பான், போனப் பாத்திருப்பான்னு. இவன் பீடிகூடக் குடிக்க மாட்டானுங்க." அவர் குரல் இறங்கியது. "கேசுல இருந்து விடுங்கன்னு கேக்க வரலீங்க அம்மிணி. ஒரு உசுரு போயிருக்குது, அதுக்கு என்ன உண்டோ அத இவன் அனுபவிக்கட்டும். நீ அன்னைக்கு முன்னால உக்காந்திருந்தீன்னு சொன்னாங்க. லைட்டு எரிஞ்சுதா இல்லியா, அத மட்டும் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தோம். எரிஞ்சுதுன்னா எரிஞ்சுதுன்னு சொல்லு. அவன் தன்னயே நம்பாம இருக்கறத என்னால பாக்க முடியல."

தண்ணீர் கொதித்தது. நான் தூளைப் போட்டேன்.

விளக்கு எரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று எனக்கு அடிமாலியில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு. அம்மா துணைக்கு வந்திருந்தாள். திரும்பும்போது மூணாறில் அப்பாவின் ஜீப் எங்களுக்காக நின்றது. தீபாவளிச் சாமான் வாங்கிய எங்கள் ஊர்ப் பெண்கள் பின்னால் நிறைந்திருந்தார்கள். வளைவுகளில் எனக்குக் குமட்டும். அதனால் அம்மா என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் போய், கதவுக்குப் பதில் சங்கிலி மாட்டியிருக்கும் கடைசி இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு இடப்பக்கம் கைப்பிள்ளையோடு ஓர் அக்கா இருந்தார். நான் கியர் ராடை ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. அப்பா கியர் மாற்றும் போதெல்லாம் முழங்காலை ஒதுக்கிக்கொண்டேன்.

டாப் ஸ்டேஷன் தாண்டியதும் மஞ்சு இறங்கி மூடுபனியாய்ச் சூழ்ந்துவிட்டது. பாம்பாடும்சோலை செக்போஸ்ட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு கம்பியைத் தூக்கியபோது, பின்னால் ஒரு வெள்ளைக் கார் சேர்ந்துகொண்டது. காட்டுக்குள் முழுக்க அது எங்கள் பின்னாலேயே வந்தது. முன்னால் போகவும் இல்லை, தள்ளி வரவும் இல்லை.

"ஏத்தா மாரித்தாயி," என்று பின்னால் ஒருத்தி அம்மாவைக் கேலி செய்தாள், "உன் மகளைப் பொண்ணு பாக்க வாராய்ங்கபோல. விடாம வாரான்."

"வரட்டும். காருல்ல வச்சிருக்கான்," என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அம்மா முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, ஓரங்கட்டி அவனை விட்டுருங்களேன். மூக்கைக் கொண்டாந்து என் கால்ல வைக்கிறான்."

"விட்டா எங்கிட்டுப் போவான்?" என்றார் அப்பா. "ரோடு தெரியாம நம்ம லைட்டைப் பிடிச்சுல்ல வாரான். முன்னால விட்டா முதல் திருப்பத்துலயே கொக்கைப் பள்ளத்துல கெடப்பான். எந்த ஊருப் பிள்ளையோ. கோவிலூர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுருவோம்."

அப்பா எரிச்சலோடு சொல்லவில்லை. பின்னால் வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டும் என்று மெதுவாகத்தான் ஓட்டினார்.

எங்கள் வட்டவடை ஊர் டிரைவர்கள் இறக்கத்தில் பிரேக்கைத் தொட மாட்டார்கள். தொட்டுத் தொட்டு இறக்கினால் லைனர் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எந்த வளைவுக்கு எந்த கியர் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். யூக்கலிப்டஸ் திருப்பத்துக்கு மேலே எல்லா ஜீப்பும் இரண்டாவதுக்கு வந்துவிடும். பின்னால் வருகிறவனும் வட்டவடைக்காரன் என்றால், முன்னால் போகிறவனுக்கு முன்பே அவன் மாற்றியிருப்பான். அதனால் இந்த ரோட்டில் ஒருவர் இன்னொருவருக்கு விளக்குப் போட்டுச் சொல்ல வேண்டி வந்ததில்லை. பிரேக்கை மிதித்தால்தான் பின்னால் சிவப்பு எரியும். கியரைக் குறைத்தால் எதுவும் எரியாது.

அப்பா இரண்டாவதுக்கு வந்தார். ராடு என் முழங்காலில் தட்டியது. ஜீப் உறுமிக்கொண்டு குறைந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு முட்டு விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பின்னால் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பிறகு யாரோ அம்மா பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

மூணாறு ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோனோம். செக்போஸ்ட்டில் கம்பி தூக்கியே இருந்தது. அங்கே போகும்போதே அம்மாவின் கை குளிர்ந்திருந்தது. மஞ்சினால் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவிடம் கேட்டார்கள். திருப்பத்துக்கு முன்னால் வண்டியைக் குறைத்தாயா? குறைச்சேன் சார் என்றார். அது உண்மை. எப்படிக் குறைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. வண்டியைச் சோதித்தவர், பிரேக் விளக்கு வேலை செய்கிறது என்று எழுதினார். அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்தால் நவீன்குமார் பொய் சொல்கிறான் என்று ஆகிவிட்டது.

எனக்கே உடனே தோன்றவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாள் குளிக்கும்போது முழங்காலில் பச்சையாகக் கன்றியிருப்பதைப் பார்த்தேன். அது எப்படி வந்தது என்று யோசித்தேன். யோசித்ததும் மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது. நான் இயற்பியல் படித்தவள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இடம் இல்லாவிட்டால் பின்னால் வருகிறவனிடம் நேரமும் இல்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தை அந்த விளக்குதான் அவனுக்குக் கொடுக்கும். அதை அப்பா கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

நான் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் முன்கூட்டியே குறைச்சேன். அவன் வந்து இடிச்சான். என் கையில ஒண்ணுமில்ல." அதைச் சொன்ன பிறகுதான் அவரால் சாப்பிட முடிந்தது. வண்டியைத் திரும்ப எடுக்க முடிந்ததும் அதனால்தான்.

சாயாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நவீன்குமார் உள்ளே வராமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

"சின்னச் சிவப்பு ரெண்டு எரிஞ்சிட்டே இருந்துச்சுங்க," என்றான். என்னைப் பார்க்கவில்லை. "உங்க வண்டியில. அதப் பாத்துத்தான் வந்தேன். வேற ஒண்ணுமே தெரியலீங்க அந்த மஞ்சுல. அத உட்டா நான் எங்க போறதுன்னுதான் ஒட்டியே வந்தேன். பிரேக் அடிச்சா அது பெருசாகணுமில்லீங்க? ஆகலீங்க. அப்படியேதான் இருந்துச்சு. அப்படியே இருந்து, அப்படியே கிட்ட வந்துருச்சு."

நான் வாயைத் திறந்தேன். ஷைஜு அண்ணன் உள்ளேயிருந்து, "இந்து, பால் பொங்குது," என்றார்.

பால் இறக்கி வைத்துத்தான் இருந்தது. அடுக்களைக்குப் போனேன். அவர் மெதுவாகச் சொன்னார். "ஒண்ணும் சொல்லாதே மோளே. இந்தப் பையன் சின்ன வயசு, மறந்துருவான். பெரியமுத்தண்ணன் இதக் கேட்டா பின்னே ஸ்டியரிங் வளையம் தொட மாட்டார்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த ரோட்டில் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? அதுவரை நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

அப்போதே கீழே அப்பாவின் ஜீப் சத்தம் கேட்டது.

அப்பா வாசலில் நிறுத்தி, சாவியை எடுக்காமலே இறங்கினார். ஷைஜு அண்ணனைப் பார்த்துச் சிரிக்கப்போனவர் நிலைப்படியில் நின்றவனைப் பார்த்தார். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"யார்றா இவனை இங்க கொண்டாந்தது?"

"அண்ணா, நான்தான்," என்றார் ஷைஜு அண்ணன். "இவங்க அம்மாவும் வந்திருக்காங்க. இப்பப் போயிருவாங்க."

மயிலாத்தாள் எழுந்து வெளியே வந்தார். "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு கேக்கலாம்னு..."

"அவகிட்ட என்ன கேக்கணும்?"

"லைட்டு எரிஞ்சுதான்னுங்க."

அப்பா நேராக நவீன்குமாரிடம் போனார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். தோளைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"இங்கனயே நில்லு. கண்ணைத் தொறந்து பாரு."

ஏறி உட்கார்ந்து முன்விளக்கைப் போட்டார். பின்னால் இரண்டு சிவப்பும் சின்னதாக எரிந்தன.

"எரியுதா?"

"எரியுதுங்க."

பிரேக்கை மிதித்தார். சிவப்பு பெரிதானது. பட்டப்பகலிலும் அவன் சட்டையில் அது தெரிந்தது.

"இப்ப?"

"எரியுதுங்க."

"பெறகு எரியலைன்னு ஏன்டா சொன்ன?"

"அன்னைக்கு எரியலீங்க."

காலை எடுத்தார். மறுபடியும் மிதித்தார். "எரியுதா?"

"எரியுதுங்க."

"இந்த வண்டிதானே? இந்த லைட்டுதானே? இன்ஸ்பெக்டரு பாத்துட்டுப் போன பெறகு நான் ஒரு ஸ்க்ரூவைத் தொடலை." மறுபடியும் மிதித்தார். "எரியுதா?"

"எரியுதுங்க."

"எரியுதா?"

அவன் பதில் சொல்லச் சொல்ல அப்பா மிதித்துக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். மயிலாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் சட்டையில் அந்தச் சிவப்பு தெரிந்து தெரிந்து மறைந்தது. கடைசியில் அவன் சொன்னான்.

"அப்ப நான்தான் பாக்காம உட்டுட்டனுங்க போல. எரிஞ்சிருக்குமுங்க."

"அப்படிச் சொல்லு," என்றார் அப்பா.

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் அப்படித் தலையாட்டியதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் ஜீப்பின் இடப்பக்கத்துக்குப் போனேன்.

"அப்பா, அன்னைக்கு நீங்க பிரேக் மிதிக்கலை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செகண்டுக்குத்தான் வந்தீங்க. ராடு என் முட்டியில தட்டுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க கால் பிரேக்குக்குப் போகவே இல்லை."

"அந்த இறக்கத்துல யாருடி பிரேக் மிதிப்பா?" என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. வண்டி ஓட்டத் தெரியாத ஒருத்திக்கு விளக்கிச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் அவர் வாய் மூடவில்லை. அடுத்து ஏதோ சொல்ல இருந்தார். அது வரவில்லை. அவர் கால் பிரேக் மேலேயே இருந்தது. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வேலியோரத்துப் பெண்கள் அந்த விளக்கையே பார்த்தார்கள்.

"ஷைஜு," என்று கூப்பிட்டார்.

"அண்ணா."

"நீ அங்கன எதுல வருவ?"

"செகண்டுல அண்ணா."

"பிரேக்கு?"

ஷைஜு அண்ணன் தரையைப் பார்த்தார். "இல்லண்ணா."

"உனக்கு இது தெரியுமா?"

"விடுங்கண்ணா. நடந்தது நடந்துபோச்சு."

"தெரியுமான்னு கேட்டேன்."

"அறியாம். தெரியும்ணா."

"ஸ்டாண்டுல இருக்கவங்களுக்கும் தெரியுமா?"

அப்பா காத்திருந்தார். பிறகு காலை எடுத்தார். விளக்கு சின்னதானது. முன்விளக்கை அணைத்தார். அதுவும் போனது.

நவீன்குமார் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு அப்பா பக்கம் வந்தான். "ஐயா, நான் ஒட்டி வந்தனுங்க. அது என்ற தப்புத்தானுங்க. நாலு வண்டி தூரம் தள்ளி வந்திருந்தா லைட்டே வேண்டியதில்லீங்க. பயத்துல ஒட்டிட்டேன். என்னால ஆகிப்போச்சுதுங்க ஐயா." அழுதுகொண்டே சொன்னான். அப்பா கண்ணாடிக்கு வெளியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

"நான் அவனை மெதுவாக் கூட்டிக்கிட்டுத்தானே வந்தேன்," என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல்.

மயிலாத்தாள் என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. "எம்பையனுக்குன்னு கேட்டனே அம்மிணி. உங்க அய்யனுக்கு என்ன ஆகும்னு நான் ரோசிக்கவே இல்லியே." அவர் பையனைக் கூட்டிக்கொண்டு ஷைஜு அண்ணனின் ஜீப்பில் ஏறினார். இந்த முறை அவனும் முன்னால் உட்கார்ந்தான். நடுவில், கியர் ராடுக்குப் பக்கத்தில்.

அவர்கள் போன பிறகும் அப்பா வண்டியிலேயே இருந்தார். சோறு ஆறிவிட்டது. போய்க் கூப்பிட்டேன். "நீ சாப்பிடு தாயி," என்றார்.

மறுநாள் அவரே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். ஷைஜு அண்ணன் கூடப் போனார். எழுதிக்கொண்டார்கள் என்றும், இதைக் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்று சொன்னார்கள் என்றும் ஷைஜு அண்ணன்தான் என்னிடம் சொன்னார். கேஸ் இன்னும் நடக்கிறது. நவீன்குமாருக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அவன் இப்போது சாப்பிடுகிறான் என்று அவன் அம்மா போனில் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல உடனே வைத்துவிட்டார்.

அப்பா வண்டியை நிறுத்தவில்லை. ஷைஜு அண்ணன் பயந்ததுபோல நடக்கவில்லை. ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மிதித்தார். ஜீப் குலுங்கிக் குலுங்கி இறங்கியது. லைனர் கருகும் வாசனை உள்ளே வந்தது. பின்னால் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பழைய நாளாக இருந்தால், என்னண்ணே, நேத்துத்தான் லைசென்ஸ் வாங்குனீகளா என்று யாராவது கேட்டிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

போன திங்கட்கிழமை மூணாறுக்கு நானும் போனேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பூண்டு மூட்டை கொண்டுபோகிறவர்களும் இருந்தார்கள். நல்ல வெயில். ஏற்றத்தில் ஒரு கார் பின்னால் தெரிந்தது. தூரத்தில்தான் வந்தது. அப்பா இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். கார் வந்து, எங்களைத் தாண்டி, நன்றியாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எடுத்தார். கொஞ்ச தூரத்தில் பால் வண்டி வந்தது. அதற்கும் ஒதுக்கினார். அது வளைவுக்குப் பின்னால் மறைந்து, சத்தம் அடங்கிய பிறகுதான் எடுத்தார். ஒரு பைக் வந்தது. அதற்கும் நிறுத்தினார்.

"பெரியமுத்து, ஆஸ்பத்திரியில டோக்கன் தீந்துரும்," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் தயங்கிச் சொன்னார்.

"இந்தா எடுக்குறேன் சித்தப்பு." அப்பா கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பியும் பார்த்தார். பிறகு என்னிடம், "தாயி, எட்டி நல்லாப் பாரு. பின்னால யாராச்சும் வாராகளா?" என்றார்.

நான் வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். காடு வரை ரோடு வெறுமையாகக் கிடந்தது.

"யாரும் இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. யாரும் வரலை."

அவர் கியரைப் போட்டார். நான் முழங்காலை ஒதுக்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.